ஆம்பூர் பஸ்ஸில் ஒரு பந்துவராளி

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும் டிரைவர் பாட்டு போட்டார். 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஸ்ரீவித்யா கச்சேரி மேடையில் பாடுவாரே, அந்தப் பாட்டு. பக்கத்து சீட்டில், ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகம் தைக்கிற அக்கா.

"யார் பாடினதுக்கா?"

"வாணி ஜெயராம். நம்ம வேலூர்க்காரம்மா."

"எழுதினது?"

"அதெல்லாம் யாரு கண்டா!"

1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்த கலைவாணிதான் வாணி ஜெயராம். எட்டு வயதில் சென்னை வானொலியில் பாடினார். வளர்ந்து ஸ்டேட் பாங்க்கில் வேலை. கல்யாணமாகி பம்பாய் போனவர் அங்கே உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்றார். 1971இல் 'குட்டி' இந்திப் படத்தில் பாடினார். குல்சாரின் வரி, வசந்த் தேசாயின் மெட்டு. வடக்கே பெயரெடுத்த பிறகுதான் நாம் திரும்பிப் பார்த்தோம். நம் வழக்கம் அது.

1975 ஆகஸ்ட் 15இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தது. காட்சி பாலசந்தருடையது. சொல் கண்ணதாசன், மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன். பந்துவராளியில் தொடங்கி ராகம் ராகமாக மாறிப்போகும் மெட்டு அது. கொஞ்சம் பிசகினாலும் சொல் நசுங்கிவிடும். வாணியின் வாயில் ஒரு எழுத்துகூட நசுங்கவில்லை. அந்த ஆண்டின் தேசிய விருது அவருக்கு.

பாட்டு ஊர் சுற்றக் கிளம்பியபோது எல்லாப் பெயரும் கூடவே வந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார்கள். பெயர்கள் உதிர ஆரம்பித்தது கேசட்டில். ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்தால் டிடிகே அறுபது நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். அட்டையில் பாட்டுக்கு அடையாளமாக ஒரு சொல்லும் பாடகர் பெயரும் மட்டும். பென் டிரைவ் வந்தபின் அதுவும் போய், வெறும் நம்பர் ஆயிற்று.

அக்காவிடம் கண்ணதாசன் என்றேன்.

"அவரா! சொல்லவே இல்லையே யாரும்" என்றார். அப்புறம் சிரித்தபடி, "நாங்க தைக்கிற ஷூவுலயும் வெளிநாட்டுக்காரன் பேருதான் இருக்கும்."

கண்ணதாசன் 1981இல் போனார், எம்.எஸ்.வி. 2015இல். 2023 ஜனவரியில் வாணிக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 2இல் 'சங்கராபரணம்' தந்த கே.விஸ்வநாத் காலமானார். இரண்டு நாள் கழித்து, அந்தப் படத்துக்காகவும் தேசிய விருது வாங்கிய வாணி.

வீட்டு அலமாரியில் அப்பாவின் கேசட் ஒன்று கிடக்கிறது. நாடா ஒட்டிப்போய்விட்டது, ஓடாது. ஏ பக்கம், மூன்றாவது வரி: 'வாணி – கச்சேரி'. அதன் கீழே பென்சிலால் இரண்டு பெயர் எழுதி வைத்தேன். இடம் போதவில்லை, எம்.எஸ்.வி. ஓரத்தில் கொஞ்சம் வளைந்துவிட்டார்.