கொட்டகை போனால் கூத்து போய்விடுமா?



போன வாரம் பிரான்சிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். முத்தியால்பேட்டைப் பையன், லியோன் நகரில் குடியேறி இருபது வருஷம் ஆகிறது. ஊர் நலம், உடல் நலம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "சார், இன்னும் பத்து வருஷத்துல நம்ம ஊர்ல தியேட்டர்னு ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டார். "நான் சரித்திர வாத்தியார் தம்பி, நடந்ததைத்தான் சொல்லத் தெரியும், நடக்கப்போறதுக்கு ஜோசியரைக் கேளு" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

நம் மணிக்கூண்டிலிருந்து மகாத்மா காந்தி சாலையில் தெற்கே நடந்தால் அஜந்தா சிக்னல் வரும். காமராஜர் சாலைப் பக்கம் போனால் ராஜா தியேட்டர் சிக்னல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முருகா தியேட்டர் சிக்னல். புதுச்சேரியில் பாதி வழி சொல்வதே சினிமாக் கொட்டகையின் பெயரை வைத்துத்தான். "அஜந்தாவில் இறக்கிவிடுங்க" என்று டெம்போக்காரரிடம் சொல்லும் கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேர், அது ஏன் அஜந்தா என்று யோசித்திருப்பார்கள்? தெருவுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் அந்தக் கட்டடங்கள் பெரியவையாக இருந்தன.

இனி கொஞ்சம் வடமேற்கே போவோம், கருவடிக்குப்பத்துக்கு. பாரதியாரின் குயில் தோப்பு அந்தப் பக்கம் என்பதால் அந்த ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அங்கேயே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் இருக்கிறது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அவரைச் சொல்வார்கள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், கடைசியில் வாத நோயில் விழுந்து 1922 நவம்பர் 13 அன்று நம் புதுச்சேரியில் கண்மூடினார். அன்றைக்குத் தமிழ்நாட்டின் பெரிய பொழுதுபோக்கு நாடகம்தான். ஊருக்கு ஊர் நாடகக் கொட்டகை, பாய்ஸ் கம்பெனி, ராத்திரி முழுக்கப் பாட்டு. சுவாமிகள் மறைந்து ஒன்பதே வருஷத்தில், 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசவும் பாடவும் ஆரம்பித்துவிட்டது.

"நாடகம் செத்தது" என்று அன்றைக்கும் சொன்னார்கள். நடந்ததைப் பாருங்கள். நாடக நடிகர்கள் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்தான். கதைகள் படமாயின. கொட்டகைகள் பலவற்றில் மேடைக்கு மேலே வெள்ளைத் திரை ஏறியது. சுவாமிகளின் வள்ளி திருமணமோ சாகவேயில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடக்கிறது. நாடகம் எங்கேயோ ஒரு இடம் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. காணாமல் போனது வருஷம் முழுக்க டிக்கெட் விற்ற நாடகக் கொட்டகை. மாணவரின் கேள்வியில் இந்த இரண்டும் கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சினிமா இருக்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கைக்குக் கை போனில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டடத்தைப் பற்றித்தான் பேச்சு.

கட்டடமே இல்லாத சினிமாவும் இருந்தது. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் பிலிம்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியவர். கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் 1914-ல் வெரைட்டி ஹால் கட்டினார். பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறிய அந்தக் கட்டடத்தையும் சில வருஷங்களுக்கு முன்பு இடித்துவிட்டார்கள். மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று பேர். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சென்னையில் சபையர் போயிற்று, சாந்தி போயிற்று, உதயமும் போய்விட்டது. இவற்றில் சபையர் மூடியபோது ஓடிடி என்ற சொல்லே பிறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைக்கு முதல் அடி விழுந்தது எங்கள் கண் முன்னால். டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து உயரமாக்கி அதன்மேல் உட்கார்ந்து தரை டிக்கெட்டில் பார்த்தவன் நான். நடுவில் தட்டி கட்டி அந்தப் பக்கம் பெண்கள். புதுப்படம் அங்கே வர ஒரு வருஷம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். முதலில் பெரிய ஊர், அப்புறம் சிறிய ஊர், கடைசியில் டெண்ட். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று வியாபாரத்தில் சொல்வார்கள். இப்போது தியேட்டர்காரர்கள் "ஓடிடிக்கு எட்டு வாரம் கழித்துக் கொடுங்கள்" என்று போராடுவதைப் படிக்கும்போது எனக்கு டெண்ட் கொட்டகைதான் ஞாபகம் வரும். யார் முதலில் பார்ப்பது, யார் காத்திருப்பது என்ற தகராறு சினிமா வியாபாரத்தோடு கூடப் பிறந்தது. அன்றைக்குக் காத்திருந்தவன் சி சென்டர்க்காரன், அவனுக்காகப் பேச ஆளில்லை.

1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம். பிறகு டெக். கலர் டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி மூன்று படம் பார்த்து, விடியும்போது சிவந்த கண்ணோடு என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள், எனக்குத் தெரியும்! 1993-ல் சன் டிவி, பிறகு மெகா தொடர்கள், திருட்டு சிடி. ஒவ்வொரு முறையும் "தியேட்டர் அவ்வளவுதான்" என்றார்கள். அவ்வளவுதான் ஆகவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் வெளியேறியது. டிவியில் தொடர்கள் வந்த பிறகு மேட்னி ஷோவுக்கு வந்த பெண்கள் வரவில்லை. என் அம்மாவின் தலைமுறைக்குக் கோயிலை விட்டால் வீட்டு வேலையிலிருந்து மூன்று மணி நேரம் தப்பித்து உட்கார இருந்த ஒரே பொது இடம் கொட்டகைதான். அந்தப் பெண்கள் போன பிறகு அரங்கு பெரும்பாலும் முதல் நாள் முதல் காட்சி இளைஞர்களுடையதாகிவிட்டது. இதற்கெல்லாம் ஓடிடியைக் குற்றம் சொல்ல முடியாது.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. புதுச்சேரி மில் ஊர். சவானா, ரோடியர், கெப்ளே என்று பழைய பெயரில் சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும், சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி. நம் முத்தியால்பேட்டையோ தறிச் சத்தம் கேட்ட ஊர். சங்கு ஊதி வேலை விட்டு, கூலி கையில் வாங்கி, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு இரண்டாவது ஆட்டத்துக்குப் போகிற ஒரு கூட்டம் இருந்தது. என் அப்பாவும் அதில் ஒருவர். தரை டிக்கெட்டையும் பெஞ்சு டிக்கெட்டையும் நம்பித்தான் கொட்டகைக்காரர் விளக்கேற்றினார். மூன்று மில்களும் படிப்படியாக நொடித்து, 2020-ல் முழுசாக மூடப்பட்டன. அதே 2020-ல் கொரோனாவால் நாடெங்கும் தியேட்டர்களும் மூடின. மில் மூடியதும் தியேட்டர் மூடியதும் ஒரே வருஷமாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் மில் சம்பளம் போன வீட்டில் முதலில் வெட்டுப்பட்ட செலவு எது என்று கேட்டால் தற்செயல் அல்லாத ஒரு பதில் கிடைக்கும்.

2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' தியேட்டரைத் தொடாமல் நேராக அமேசானில் வந்தது. தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள், அந்த நிறுவனத்தின் படங்களையே இனி திரையிட மாட்டோம் என்றார்கள். அதே நவம்பரில் 'சூரரைப் போற்று'ம் அப்படியே வந்தது. 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' பாதி இருக்கைகளோடு திறந்து கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் ஜனவரி 13-ல் தியேட்டருக்கு வந்த படம் 29-ல் வீட்டுக்கு வந்துவிட்டது. பதினாறு நாள்! ஒரு வருஷம் காத்திருந்த டெண்ட் கொட்டகைக்காரர் கேட்டால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். பிறகு நான்கு வாரம் என்று ஒரு வழக்கம் நிலைத்தது. வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. 2023-ல் 'லியோ' இந்தியில் அந்த அரங்குகளில் வராமல் போனதற்குக் காரணம் இந்த நான்குக்கும் எட்டுக்கும் நடந்த சண்டைதான்.

இதில் பிரான்சில் இருக்கும் நம் உறவுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் இதை ஒப்பந்தமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தியேட்டருக்கு வந்த படம் எத்தனை மாதம் கழித்து எந்தத் திரைக்குப் போகலாம் என்று வரிசை உண்டு. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி கனால் பிளசுக்கு ஆறு மாதம், நெட்ஃபிளிக்சுக்குப் பதினைந்து மாதம். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் நூற்றுக்குப் பத்தே முக்கால் அளவுக்கு ஒரு வரி பிடித்து, தேசியத் திரைப்பட மையம் அதைத் திரும்ப சினிமாவுக்கே கொடுக்கிறது. அமெரிக்கப் படத்துக்கு விற்ற டிக்கெட்டும் இதில் சேர்த்தி. சின்ன ஊர்த் தியேட்டரைப் புதுப்பிக்கவும் அதிலிருந்து பணம் வரும். அப்படியும் 2019-ல் 21 கோடிக்கு மேல் விற்ற டிக்கெட் 2024-ல் 18 கோடியாகத்தான் இருந்தது. சட்டம் சரிவைத் தடுக்கவில்லை, ஆனால் சரிவு விழுக்காடாக மாறாமல் பிடித்திருக்கிறது. அந்த நாட்டுக்காரன் இருநூறு வருஷத்துக்கு மேல் நம்மை ஆண்டு, தெருவுக்குப் பெயரும் போலீசுக்குச் சிவப்புத் தொப்பியும் கொடுத்துப் போனான். இந்த ஒரு சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

பாரீசில் கிராண்ட் ரெக்ஸ் என்று 1932-ல் கட்டிய பிரம்மாண்ட அரங்கு இருக்கிறது, சுமார் 2,700 இருக்கை. 2016-ல் 'கபாலி'யை அங்கே திரையிட்டார்கள், நம் உறவினர்களில் சிலர் போய்ப் பார்த்துவிட்டு விசில் சத்தத்தோடு வீடியோ அனுப்பினார்கள். மதுரை தங்கத்துக்கு ஈடான கொட்டகையைத் தமிழர்கள் பாரீசில் நிரப்புகிறார்கள், மதுரையில் அது ஜவுளிக்கடை. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டார்கள். இருபது வருஷப் பழைய படம். டிவியில் நூறு தடவை போட்டது, வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். பிள்ளைகள் காசு கொடுத்துப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். கதை தெரியாமலா போனார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதற்கு ஆள் வேண்டும், அதற்குப் போனார்கள். அந்த ஆசை இருக்கும்வரை பெரிய திரை இருக்கும் என்றே நினைக்கிறேன். திருவிழாவில் வள்ளி திருமணம் நடப்பதுபோல, தீபாவளி பொங்கலுக்குப் பெரிய நட்சத்திரப் படம், மாலில் நான்கைந்து திரை, நல்ல நாற்காலி, இருநூறு ரூபாய்க்குச் சோளப்பொரி. அது பிழைத்துக்கொள்ளும்.

பிழைக்காது என்று நான் பயப்படுவது இரண்டை. ஒன்று, சின்னப் படம். முன்பு முதல் வாரம் காலியாக ஓடி, வாய்ச்சொல்லால் மூன்றாம் வாரம் நிரம்பி, நூறு நாள் பார்த்த படங்கள் உண்டு. இப்போது வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போஸ்டர் கிழிந்துவிடுகிறது. "எப்படியும் நாலு வாரத்துல போன்ல வரும்" என்று தெரிந்தவன் எதற்காகப் பஸ் ஏறுவான்? புதுச்சேரி அரசு வருஷா வருஷம் நல்ல தமிழ்ப் படம் ஒன்றுக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுக்கிறது. 'பரியேறும் பெருமாள்' அப்படி வாங்கியது. திரைப்பட விழா நடத்தி இலவசமாகவே காட்டுகிறார்கள். நல்ல காரியம், வருஷத்தில் சில நாள். பக்கத்துக் கேரளத்தில் அரசே தியேட்டர் நடத்துகிறது; 2024-ல் அரசின் பெயரிலேயே ஓடிடியும் தொடங்கினார்கள். இங்கே பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் ஒன்றை எடுத்து ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் நடத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றும். என் வீட்டிலேயே இதற்கு ஆதரவு இல்லை, அது வேறு விஷயம்.

இரண்டாவது, தரை டிக்கெட். வேறு வகுப்பு, வேறு நுழைவாயில் என்று ஆயிரம் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், அதே இருட்டில் மில் தொழிலாளியும் வக்கீல் குமாஸ்தாவும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மாலில் அந்தத் தரை கிடையாது. தரை டிக்கெட் வாங்கியவரின் பேரன் இன்று போனில் தனியாகப் பார்க்கிறான், காதில் கருவி மாட்டிக்கொண்டு. அவனுக்கு அன்றைக்கு இருந்ததைவிட ஆயிரம் மடங்கு அதிகப் படம் கிடைக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பராசக்தியை நினைத்த நேரத்தில் நிறுத்திப் பார்க்க முடிந்திருந்தால் என் அப்பாவும் வேண்டாம் என்றிருக்க மாட்டார்.

லியோன் மாணவருக்கு இதை அப்படியே அனுப்பப் போகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். முத்தியால்பேட்டை, சோலைநகர், வைத்திக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள், நீங்கள் முதலில் பார்த்த படம் எது, எந்தக் கொட்டகை, டிக்கெட் எவ்வளவு, யார் கூட்டிப்போனார்கள் என்று கீழே எழுதுங்கள். ரீல் பெட்டியைச் சைக்கிளில் வைத்து ஒரு தியேட்டரிலிருந்து இன்னொரு தியேட்டருக்கு மிதித்தவர்கள், ஆபரேட்டர் அறையில் கார்பன் மாற்றியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு கட் அடித்துவிட்டுப் போன படமாக இருந்தாலும் தயங்காமல் எழுதலாம். வருகைப் பதிவேடு இப்போது என்னிடம் இல்லை.