லாரியின் உள் நிறம்

மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தை எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதினார்கள். வேகத்தைப் பற்றி எழுதினார்கள். முதலாளிகளைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதினார்கள். வர்ணத்தைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம். அதிலும், ஒரு சரக்கு லாரியில் டிரைவர் உட்காரும் அறைக்குள் என்ன வர்ணம் பூசியிருந்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வருஷக் கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 1947-ல் வெளிவந்த செவர்லே லாரி ஒன்றைப் பழைய கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நமக்கும் அந்நியமான வண்டி அல்ல அது. செவர்லேயைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் 1954 வரை பம்பாய் சேவ்ரியிலேயே வண்டிகளைப் பூட்டி விற்றது.

வெளி நிறத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பெயிண்ட் கம்பெனிகள் வருஷா வருஷம் அச்சிட்ட நிற அட்டைகள் கிடைக்கின்றன. உள் நிறம்தான் வழக்கு. ஒருவர் சாம்பல் என்பார். இன்னொருவர் பழுப்பு என்று சத்தியம் செய்வார். இருவரும் பார்த்தது ஒரே வண்டியாகக்கூட இருக்கலாம்!

வழக்கு விளங்க வேண்டுமானால் சற்றுப் பின்னால் போக வேண்டும். ஆரம்பத்தில் மோட்டாருக்கும் குதிரை வண்டிக்குப் பூசுவது போலத்தான் பூசினார்கள். தூரிகையால் ஒரு பூச்சு, அது காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி ஒரு பூச்சு, கடைசியில் வார்னிஷ். வாரக் கணக்கில் வண்டி கொட்டகையில் தூங்கும். 1908-ல் பிறந்த ஃபோர்டின் டி மாடல் கார் முதலில் சிவப்பு, பச்சை, சாம்பல் என்றெல்லாம் வந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றுதான். ஃபோர்டுக்குக் கறுப்பின் மேல் மோகம் என்று நினைக்க வேண்டாம். கறுப்பு மலிவு, உழைக்கும், அடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கலாம். 1917-ல் அதே குடும்பத்தில் ஒரு டன் லாரியும் வந்தது. அதைப் பெரும்பாலும் வெறும் சட்டமாகவே விற்றார்கள். மேலே கூண்டு கட்டியது வாங்கியவன் ஊர்த் தச்சன். அந்த லாரியின் அசல் உள் நிறம் என்ன என்று கேட்டால், தச்சன் வீட்டில் அன்று மிச்சமிருந்த பெயிண்ட் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பஞ்சை அமிலங்களில் நனைத்து வெடிமருந்து செய்யும் வித்தை ஐரோப்பியருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். அதே சரக்கைக் கொஞ்சம் சாதுவாக்கினால் சினிமா பிலிம் ஆகும். இரண்டையும் செய்துகொண்டிருந்த டூபாண்ட் கம்பெனியின் ரசாயனிகள், 1920-ல், அதைத் தண்ணீர்போல் ஓடுகிற, ஆனால் கனமாகப் படிகிற லாக்கராக மாற்றும் வழியைத் தற்செயலாகக் கண்டார்கள். ‘டூக்கோ’ என்று பெயர் வைத்தார்கள். 1924-ம் வருஷ மாடலாக வந்த ஓக்லண்ட் கார் முதன்முதலில் அந்த நீலத்தைப் பூசிக்கொண்டது. வாரங்கள் மணிகளாயின. இதற்காகத் துடியாய்த் துடித்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் கெட்டரிங் என்ற எஞ்சினீயர். இதெல்லாம் நடக்காது என்று சாதித்த பெயிண்ட் வியாபாரி ஒருவரை அவர் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். சாப்பிட்டு வெளியே வந்த மனிதர் தம் காரைக் காணாமல் தேடினாராம். அதற்குள் அதன் நிறத்தை மாற்றியிருந்தார்கள்! கதையில் உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கல் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் விடமுடியாத கதை.

அதைத் தொடர்ந்து எனாமல் வந்தது. லாக்கரைப்போல் தேய்த்து மெருகேற்ற வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. சுட்டெடுத்தால் தானே பளபளக்கும். லாரிக்குத் தோதான சரக்கு. கூண்டும் எஃகாகித் தொழிற்சாலையிலேயே தயாராயிற்று. வெளியே வாங்குபவனுக்குப் பிடித்த நிறம். உள்ளே பெரும்பாலும் கம்பெனி வைத்த நிறம். அசல் உள் நிறம் என்ற பேச்சுக்கே அப்போதுதான் அர்த்தம் வந்தது.

இனி துப்பறியும் படலம். டிரைவரின் முழங்கை பட்ட இடமும், வெயில் விழுந்த டாஷ்போர்டும் சாட்சி சொல்லத் தகுதியற்றவை. சாமான் வைக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் பார்க்கிறார்கள். கருவிகளின் வட்டத் தகட்டை எடுத்து, அதன் விளிம்புக்குக் கீழே பார்க்கிறார்கள். நெல்லளவு இடத்தில், மெல்லிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் வளையமாகத் தெரியும். (பழைய பெயிண்டில் ஈயம் உண்டு, உலரத் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பது ஆபத்து.) தின்னர் தோய்த்த துணியால் துடைத்தால் லாக்கர் கரைந்து வரும், சுட்ட எனாமல் அசையாது.

இவ்வளவு செய்தும் ஏமாறலாம். லாக்கர் வெயிலில் மஞ்சளிக்கும். எனாமலோ நேர் விரோதம். இருட்டில் கிடந்தால்தான் மஞ்சளிக்கும்! பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த யோக்கியமான சாட்சியும் பொய் சொல்லுகிறது என்று அர்த்தம். கழற்றிய துண்டைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் ஓரளவு விலகும். சாம்பலா பழுப்பா என்ற சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துபோகும். மீதிப் பாதி அலுமினியத் துகள் கலந்த பெயிண்டால் வருவது. ஒரே டப்பாவை ஈரமாக அடித்தால் நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் வெளுக்கும். அன்று துப்பாக்கியைப் பிடித்தவன் கை எப்படியிருந்ததோ!

எனக்குள்ள குறை வேறு. நிறத்தை இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த பிறகு, பலபேர் பழசைச் சுத்தமாகச் சுரண்டி எறிந்துவிட்டு, கண்ணாடி மாதிரி மெருகு ஏற்றிவிடுகிறார்கள். அன்றைய தொழிற்சாலை அப்படிப் பூசவே இல்லை. லாரியின் உட்புறம் யாரும் பார்த்து மெச்சுவதற்காகப் பூசியதல்ல. ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு இருக்கும். மூலையில் பூச்சு மெலிந்திருக்கும். அந்த அவசரம்தான் அந்தக் காலத்தின் கையெழுத்து. அதை அழித்துவிட்டு ‘அசல்’ என்று பெயர் சூட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சன்னல் விளிம்பில் முப்பது வருஷம் முழங்கை வைத்து வைத்து எஃகைத் தெரியவைத்த டிரைவரையும் அதோடு சேர்த்து அழித்துவிடுகிறோம்.

இந்தக் கலையில் பழகியவர்களில் சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, துரு பிடித்த இடத்தை மட்டும் ஒட்டி, மற்றதைத் தொடாமல் விடுகிறார்கள். முழுவதும் பூசியே தீர வேண்டிய வண்டியாக இருந்தாலும், சாமான் பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கையளவு இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் துப்பாக்கியை எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் காகிதத்தை உரித்துவிட்டுப் பெட்டியை அதன் இடத்தில் மாட்டிவிடுகிறார்கள்.