கம்போடியாவும் கருங்கண்ணியும்

கரிசல் என்றதும் இலக்கிய வாசகர்க்கு இடைசெவல் நினைவுக்கு வரும், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் அது. கோவில்பட்டியைச் சுற்றிப் பரந்து கிடக்கும் அந்தக் கறுப்பு மண்ணுக்கு, கதைகளுக்கு வெளியே வேறொரு வரலாறும் உண்டு. அது பருத்தியின் வரலாறு. கீழ்த்திசை நாடான கம்போடியா அதில் இருமுறை குறுக்கிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துப் பல வாரம் ஈரத்தைக் காத்துவைப்பது கரிசலின் இயல்பு. கிணறும் கால்வாயும் இல்லாத அம்மண்ணில் வேரை ஆழச் செலுத்தி விளைந்தது கருங்கண்ணி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தபோது, இந்தியப் பருத்தியின் விலை உயர்ந்தது. திருநெல்வேலிச் சீமையும் அதனால் பயன்பெற்றது. 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டி வழியே துறைமுகம் சென்ற பஞ்சு, ‘டின்னவெல்லி’ என்ற பெயரில் வெளிநாட்டுச் சந்தையில் அறியப்பட்டது.

பெயர் வந்ததும் கலப்படமும் வந்தது. அரவையில் கூடுதல் பஞ்சு தரும், ஆனால் இழை குட்டையான புளிச்சைப் பருத்தி நல்ல பருத்தியோடு கலந்து மதிப்பைக் கெடுத்தது. 1901இல் கோவில்பட்டியில் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வுப் பண்ணை, கருங்கண்ணியில் தேர்ந்த வித்துகளைப் பெருக்கி உழவர்க்கு வழங்கி அப்பெயரைக் காக்க முயன்றது.

அக்காலத்தில்தான், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கம்போடியாப் பருத்தி தமிழகம் வந்தது. அடிப்படையில் அது அமெரிக்க இனம். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த கம்போடியா வழியாக வந்ததால் அப்பெயர் பெற்றது. அதன் இழை நீளமானது. மெல்லிய நூல் நூற்க விரும்பிய ஆலைகள் அதற்குக் கூடுதல் விலை தந்தன. ஆனால் அதற்குக் கிணற்றுநீர் வேண்டும். கோவைப் பகுதித் தோட்டங்களில் அது செழித்தது. மானாவாரிக் கரிசலில் கருங்கண்ணியே நின்றது. பின்னாளில் புகழ்பெற்ற எம்.சி.யு. இரகங்களின் பெயரில் உள்ள ‘சி’ என்ற எழுத்து, கம்போடியாவையே குறிக்கிறது.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். இப்போட்டியில் அளவுகோல் இழையின் நீளம் ஒன்றே. ஒரு பொதி பஞ்சுக்கு எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது என்று எந்தச் சந்தையும் கேட்கவில்லை. நீரிறைக்காமல் விளைவதே கரிசலின் வலிமை. அதற்குத்தான் விலையே இல்லை. ஆலைகள் நீண்ட இழைக்கு மாறமாறக் கருங்கண்ணியின் பரப்பு சுருங்கியது. காட்டுவேலை குறைந்த வீடுகளின் பெண்கள் தீப்பெட்டி ஒட்டினர். இளைஞர் பலர் திருப்பூருக்குப் பேருந்து ஏறினர்.

அந்தத் திருப்பூரில் அவர்கள் மீண்டும் கம்போடியாவைச் சந்தித்தனர், இம்முறை ஆடைச் சந்தையில். பெரும்பாலும் சீனத்திலிருந்து துணியை வரவழைத்து ஆடை தைத்து விற்கும் நாடு இன்றைய கம்போடியா. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குச் சுங்கவரி விலக்கு அளித்தது. 2020இல்தான் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டுகளில் திருப்பூரின் பின்னலாடை வரி செலுத்தியே அச்சந்தையில் நுழைந்தது. பருத்தி விளையும் நாட்டுக்கு வரி, துணியை வாங்கித் தைக்கும் நாட்டுக்கு விலக்கு! வறிய நாட்டுக்குக் காட்டப்பட்ட சலுகை அது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. போட்டித்திறன் என்பது மண்ணின் குணமோ மக்களின் உழைப்போ மட்டுமன்று. அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதும் அதில் அடங்கும். இதையே நாம் சொல்ல வருகிறோம்.

கரிசல் சிற்றூர்களிலிருந்து வரும் எம் மாணவரிடம் கருங்கண்ணி என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டோம். ஒருவர் மட்டும், தம் பாட்டி தலையணைக்கு அடைத்த பஞ்சு என்றார். இன்று சில கைத்தறிக் குழுக்கள் அப்பஞ்சைத் தேடி வந்து வாங்குகின்றன. அளவில் சிறிய முயற்சிதான். ஆயினும் நிலத்தடி நீர் வற்றிவரும் நாளில், நீர் கேளாத பயிரின் வித்தைக் கைவிடுவது நமக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியை அது மீண்டும் எழுப்புகிறது. அளவுகோல் என்றேனும் மாறும்போது விதைக்க வித்து இருக்க வேண்டும்.