மேற்செலவு யார் தலையில்? ஏபிசி முறை பிறந்த கதை

ஒரே வீட்டில் நான்கு குடித்தனம். மின்சார மீட்டர் ஒன்றுதான். பில் வந்ததும் வீட்டுக்காரர் அதை நான்கால் வகுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார். மாடியில் இருப்பவர் இரவு முழுக்க ஏசி ஓட்டுகிறார். கீழே தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். வீட்டுக்காரரின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பில் தொகை முழுவதும் வசூலாகிவிட்டது. ஆனால் மாடி வீட்டு ஏசிச் செலவில் முக்கால் பங்கை மற்ற மூன்று குடித்தனங்கள்தான் கட்டுகின்றன. அது பாட்டிக்கும் தெரியாது, ஏசிக்காரருக்கும் தெரியாது!

தொழிற்சாலைகளில் இதே கதை நூறு வருடங்களுக்கு மேல் நடந்தது. அங்கே ஏமாந்தது பாட்டி அல்ல, பொருட்கள். ஒரு பொருளின் செலவு தப்பாகக் கணக்கிடப்பட்டால் அதன் விலை தப்பாகும். விலை தப்பினால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் வேலையும் போகும். அந்தத் தப்பைக் கண்டுபிடித்து, மறந்து, மீண்டும் கண்டுபிடித்த வரலாறுதான் இது.

மேற்செலவு என்னும் தலைவலி

ஒரு நாற்காலி செய்ய எவ்வளவு மரம் போனது, தச்சருக்கு எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று சொல்லிவிடலாம். இவை நேரடிச் செலவுகள். ஆனால் பட்டறையின் வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம், கணக்குப்பிள்ளையின் சம்பளம்? இவை எந்த ஒரு நாற்காலிக்கும் சொந்தமில்லை. எல்லா நாற்காலிக்கும் பொது. இவற்றைத்தான் மேற்செலவு, அதாவது ஓவர்ஹெட் என்கிறோம். பொதுச் செலவை எந்த நியாயப்படி பங்கு போடுவது? அடக்கவிலைக் கணக்கியலின் பழைய கேள்வி இதுதான்.

குயவர் போட்ட கணக்கு

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட். 1769இல் எட்ரூரியா என்ற பெயரில் பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். 1772இல் லண்டனில் ஒரு வங்கி கவிழ்ந்தது. அதைத் தொடர்ந்து கடன் நெருக்கடி ஐரோப்பா முழுவதும் பரவியது. விற்பனை படுத்து, கையில் பணம் வற்றியபோது வெட்ஜ்வுட் தன் கணக்குப் புத்தகங்களைத் தோண்ட ஆரம்பித்தார்.

அவர் கண்டது என்ன? வாடகை, அச்சு செய்யும் செலவு, எழுத்தர் சம்பளம் போன்றவை பத்து ஜாடி செய்தாலும் ஆயிரம் ஜாடி செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் ஒரே வடிவத்தை நிறையச் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் விழும் பங்கு குறையும். விலையைக் குறைத்து நடுத்தர மக்களிடமும் விற்கலாம். இந்தச் சோதனையின்போதே தலைமை எழுத்தர் ஒருவரின் கையாடலும் வெளியே வந்தது. செலவைச் சரியாகப் பார்த்ததால் ஒருவர் தன் வியாபாரத்தையே மாற்றிக்கொண்ட ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று.

சுலபமான வழி: கூலியைப் பிடி

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகின. 1887இல் கார்க்கி என்ற பொறியாளரும் ஃபெல்ஸ் என்ற கணக்காளரும் சேர்ந்து தொழிற்சாலைக் கணக்குகள் பற்றித் தனி நூலே எழுதினார்கள். ஆனால் மேற்செலவைப் பங்கிடப் பெரும்பாலான ஆலைகள் பிடித்த வழி ஒன்றுதான். மொத்த மேற்செலவு நேரடிக் கூலியில் எத்தனை சதவீதம் என்று பார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு கூலியோ, அதன் மேல் அதே சதவீதத்தை ஏற்று. முடிந்தது கணக்கு!

அந்தக் காலத்துக்கு இது மோசமான வழி இல்லை. செலவில் பெரும்பங்கு கூலிதான். கூலிக் கணக்கு எப்படியும் எழுதியாக வேண்டும். ஆகவே கூடுதல் வேலையும் இல்லை.

இதை முதலில் உரக்கக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1901இல் 'தி இன்ஜினியரிங் மேகசின்' இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பெரிய, விலையுயர்ந்த இயந்திரத்தில் ஒரு மணி நேரம் ஓடும் வேலையும், கையால் அரம் தேய்க்கும் ஒரு மணி நேர வேலையும் ஒன்றா? இரண்டு தொழிலாளிக்கும் ஒரே கூலி என்பதற்காக ஒரே மேற்செலவை ஏற்றினால், கைவேலைதான் இயந்திரத்தின் செலவைச் சுமக்கிறது.

சர்ச் சொன்ன மாற்று அழகானது. தொழிற்சாலையை ஒரே கட்டடமாகப் பார்க்காதே. ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒரு தனிக் கடையாக நினை. அந்தக் கடைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு மின்சக்தி, எவ்வளவு தேய்மானம் என்று கணக்கிட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை போடு. அந்தக் கடைக்குள் வரும் பொருள் அங்கே இருந்த நேரத்துக்கு வாடகை கட்டட்டும். இயந்திரம் சும்மா கிடந்த நேரத்தின் செலவை 'துணை வீதம்' என்று தனியாகக் காட்டினார். வீண் எவ்வளவு என்று முதலாளிக்குக் கண்ணில் பட வேண்டும் என்பது எண்ணம்.

ஏன் மறந்துபோனது?

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கூலிச் சதவீதம் சாகவில்லை. இயந்திர மணி வீதத்தைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். மற்றபடி பழைய பழக்கமே நீடித்தது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, கணக்கு எழுதும் செலவு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நூறு இயந்திரத்துக்கு நூறு வீதம் போட எத்தனை எழுத்தர் வேண்டும்?

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. ஆண்டறிக்கைக்கு இந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை! ஒரு பொருளின் மீது கூடுதலாக ஏறிய செலவு இன்னொன்றில் குறைந்திருக்கும். கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய சரியாகவே வரும். தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். பங்குதாரர் திருப்தியடைவார். நம் வீட்டுக்காரரின் கணக்கு மாதிரிதான். தாமஸ் ஜான்சன், ராபர்ட் கப்லன் இருவரும் 1987இல் வெளியிட்ட 'ரெலவன்ஸ் லாஸ்ட்' என்ற நூலின் மையக் குற்றச்சாட்டு இதுவே. வெளியாருக்கு அறிக்கை தரும் கணக்கு, உள்ளே முடிவெடுக்க உதவ வேண்டிய கணக்கை விழுங்கிவிட்டது என்றார்கள்.

இதற்கிடையே தொழிற்சாலைகள் மாறிவிட்டன. தானியங்கி இயந்திரங்கள் வந்து கூலியின் பங்கு சுருங்கியது. திட்டமிடல், தரச் சோதனை, கொள்முதல் என்று மேற்செலவு பெருத்தது. 1985இல் மில்லர், வோல்மன் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று இதை 'மறைந்திருக்கும் தொழிற்சாலை' என்றது. பொருளைச் செய்யாமல் ஆர்டர், சீட்டு, சோதனை, மாற்றம் என்று காகிதத்தையும் தகவலையும் நகர்த்தும் தொழிற்சாலை அது. சுருங்கிப்போன கூலியின் முதுகில் பெருத்துப்போன மேற்செலவை ஏற்றினால் என்ன ஆகும்?

வாட்டர்லூவில் கிடைத்த அடி

ஜான் டீர் அமெரிக்காவின் பெரிய டிராக்டர் நிறுவனம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். டிராக்டர் விற்பனை சரிந்தது. அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் இருந்த அதன் உதிரிபாகத் தொழிற்சாலையில் தானியங்கி லேத்துகள் வேலையின்றி நின்றன. இனி சொந்த நிறுவனத்தின் டிராக்டர் பிரிவுக்கே பாகம் விற்க வேண்டுமானாலும் வெளியாருடன் போட்டி போட்டு கொட்டேஷன் கொடுக்க வேண்டும் என்ற நிலை.

275 பாகங்களுக்கு விலை கொடுத்தார்கள். கிடைத்தது 58தான். அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. பெரிய இயந்திரங்களுக்கு ஏற்ற, ஆயிரக்கணக்கில் ஓட வேண்டிய பாகங்கள் கைநழுவின. குறைந்த எண்ணிக்கையில் போகும் சில்லறைப் பாகங்களே கிடைத்தன. நன்றாகச் செய்யத் தெரிந்ததில் தோற்று, செய்யத் தோதில்லாததில் ஜெயித்திருந்தார்கள்!

தோற்ற ஆர்டரோடு மேற்செலவு போய்விடாது. அது மிச்சமிருக்கும் பாகங்களின் தலையில் ஏறும். அவற்றின் விலை இன்னும் கூடும். அடுத்த முறை இன்னும் ஆர்டர் போகும். இதைத்தான் மேலாண்மைப் பாடங்களில் மரணச் சுழல் என்பார்கள். சுழலின் அடியில் மூடப்பட்ட பிரிவுகளும் வேலையிழந்த தொழிலாளர்களும் இருப்பார்கள்.

எங்கே தவறு என்று உள்ளே ஒரு குழு ஆராய்ந்தது. கூலியையும் இயந்திர நேரத்தையும் மட்டும் பார்க்காமல், ஊழியர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தது. இயந்திரத்துக்கு செட்டிங் போடுவது, உற்பத்தி ஆர்டரைக் கையாள்வது, பொருளை இடம் மாற்றுவது, ஒவ்வொரு பாகத்தின் விவரங்களைப் பராமரிப்பது என ஏழு வகையாகச் செலவைப் பிரித்தார்கள். அதற்கு அங்கேயே வைக்கப்பட்ட பெயர்தான் ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங், சுருக்கமாக ஏபிசி. தமிழில் செயல்பாடு சார்ந்த அடக்கவிலை முறை எனலாம். கப்லன் இதை ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பாடமாக எழுதினார். 1988இல் ராபின் கூப்பரும் கப்லனும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இதை உலகறியச் செய்தது. 1971இலேயே ஜார்ஜ் ஸ்டாபஸ் என்ற பேராசிரியர் செயல்பாட்டு அடக்கவிலை பற்றி நூல் எழுதியிருந்தார். அப்போது கவனித்தவர்கள் குறைவு.

ஒரு சின்னக் கணக்கு

கற்பனையாக ஒரு பட்டறை. 'அ' என்ற போல்ட் 10,000 செய்கிறார்கள். ஒரே ஓட்டம், ஒரே செட்டிங், 1,000 மணி நேர உழைப்பு. 'ஆ' என்ற போல்ட் மொத்தமே 500. ஆனால் ஐம்பது ஐம்பதாகப் பத்து முறை ஆர்டர் வருகிறது. பத்து செட்டிங், 100 மணி நேர உழைப்பு. செட்டிங் ஒன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் மொத்தம் 22,000 ரூபாய் மேற்செலவு.

உழைப்பு நேரப்படி பங்கிட்டால் மணிக்கு 20 ரூபாய். 'அ'வின் மீது 20,000, அதாவது போல்ட்டுக்கு 2 ரூபாய். 'ஆ'வின் மீது 2,000, அதாவது போல்ட்டுக்கு 4 ரூபாய்.

செட்டிங் எண்ணிக்கைப்படி பங்கிட்டால்? 'அ'வின் மீது 2,000 மட்டும், போல்ட்டுக்கு 20 பைசா. 'ஆ'வின் மீது 20,000, போல்ட்டுக்கு 40 ரூபாய்!

இங்கே செட்டிங்தான் செலவைக் கிளப்பிவிடும் காரணி. இதைத்தான் காஸ்ட் டிரைவர் என்கிறார்கள். பழைய கணக்கை நம்பினால் 'அ' போட்டியில் தோற்கும், 'ஆ' அடிமாட்டு விலைக்குப் போகும். வாட்டர்லூவில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். எல்லாச் செலவும் எண்ணிக்கையோடு ஏறுவதில்லை. சில ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும். சில ஒவ்வொரு லாட்டுக்கும் ஆகும். சில அந்த ரகம் பட்டியலில் இருப்பதாலேயே ஆகும். சில தொழிற்சாலை திறந்திருப்பதாலேயே ஆகும். இந்த நான்கு படிநிலைகளை வகுத்தவர் கூப்பர். கடைசிப் படியைப் பொருட்களுக்குப் பங்கிடுவதே வீண் வேலை என்றும் சொல்லப்பட்டது.

மருந்துக்கே மேற்செலவு

1990களில் ஏபிசி ஓர் அலையாகப் பரவியது. வங்கி, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் முயன்றார்கள். பல இடங்களில் பாதியிலேயே கைவிட்டார்கள். ஏன்?

ஒவ்வொரு ஊழியரிடமும் போய் எந்த வேலையில் எத்தனை சதவீத நேரம் போகிறது என்று கேட்க வேண்டும். அவர்களும் 30, 30, 40 என்று கூட்டி நூறு வரும்படி சொல்லிவிடுவார்கள். சும்மா இருந்த நேரம் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்? வேலை முறை மாறினால் மறுபடி பேட்டி, மறுபடி கணக்கு. மேற்செலவை அளக்க வந்த முறையே ஒரு மேற்செலவாகிவிட்டது.

கப்லனே இதை ஏற்றுக்கொண்டு, 2004இல் ஸ்டீவன் ஆண்டர்சனுடன் சேர்ந்து எளிய வடிவம் ஒன்றைத் தந்தார். பேட்டியே வேண்டாம், இரண்டு விவரம் போதும்: ஒரு பிரிவின் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு செலவு, ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம். நிமிடத்துக்கு 5 ரூபாய் என்றால், 6 நிமிடம் பிடிக்கும் பழைய வாடிக்கையாளரின் ஆர்டருக்கு 30 ரூபாய், 20 நிமிடம் பிடிக்கும் புதியவரின் ஆர்டருக்கு 100 ரூபாய். பயன்படாத நிமிடங்களின் செலவு தனியாக வெளியே தெரியும். சும்மா கிடக்கும் நேரத்தைத் தனியாகக் காட்டு என்று 1901இல் சர்ச் சொன்னது நினைவுக்கு வருகிறதா?

இன்னொரு திருப்பம். 'ரெலவன்ஸ் லாஸ்ட்' நூலை கப்லனோடு எழுதிய ஜான்சன் 1992இலேயே ஏபிசிக்கு எதிராகத் திரும்பிவிட்டார். செலவை எவ்வளவு நுணுக்கமாகப் பங்கு போட்டாலும் வேலை நடக்கும் விதம் மாறாதே என்றார். பின்னாளில் அவர் கைகாட்டியது டொயோட்டாவை. அங்கே மணிக்கணக்கில் பிடித்த அச்சு மாற்றும் வேலையைச் சில நிமிடங்களாகச் சுருக்கினார்கள். நம் பட்டறையில் செட்டிங் செலவு 2,000 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்கு இறங்கினால் 'ஆ' போல்ட்டின் மேற்செலவு 40 ரூபாயிலிருந்து 4 ரூபாயாகிவிடும். அதை நிறுத்தவும் வேண்டாம், விலை ஏற்றவும் வேண்டாம். ஆனால் குறைக்க வேண்டியது செட்டிங்தான் என்று காட்டிக்கொடுத்ததும் அந்த 40 ரூபாய்க் கணக்குதானே?

கடைசியாக...

தேர்வுக்குப் படிக்கும்போது ஏபிசி என்பது பத்து மார்க் கணக்கு. அட்டவணை போட்டு, வகுத்து, பெருக்கினால் விடை வந்துவிடும். ஆனால் எதை வைத்து வகுப்பது என்ற முடிவில் ஒரு பக்கச் சாய்வு எப்போதும் ஒளிந்திருக்கிறது. கூலியால் வகுத்தால் ஒரு பொருள் பிழைக்கும், செட்டிங்கால் வகுத்தால் இன்னொன்று பிழைக்கும். மொத்தம் சரியாக இருக்கிறது என்பதால் பங்கும் சரி என்று ஆகிவிடாது.

நான்கு குடித்தனத்துக்கும் தனித்தனி மீட்டர் வைக்கலாம். அதற்கும் காசு வேண்டும். ஒவ்வொரு பல்புக்கும் ஒரு மீட்டர் வைத்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் மாடியில் ஏசி ஓடுகிறதா என்று ஒரு தடவை ஏறிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. வாட்டர்லூவில் அந்தக் குழு செய்தது அதைத்தான். 217 ஆர்டர் போன பிறகு.