மவுண்ட் ரோடு மருந்துக் கடை



மலர்க் குழுவினர் "நம்ம கால மெட்ராஸைப் பற்றி ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மவுண்ட் ரோட்டில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் நிற்கும் சிவப்புக் கட்டடம்தான். கரையான்சாவடியிலிருந்து காலேஜுக்கு வந்த நாட்களில், பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, "ஏதோ நவாப் அரண்மனை" என்றே நினைத்திருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அது அரண்மனை அல்ல, மருந்துக் கடை! டபிள்யூ.ஈ. ஸ்மித் கம்பெனி என்ற மருந்து வியாபாரிகள் 1897-ல் கட்டியது. அன்றைய பெயர் கார்டில் பில்டிங். செங்கல் சுவர், வளைவுகள், குவிமாடம், மசூதி மினார் போல உயர்ந்த கோபுரங்கள் என்று, இந்தோ-சாரசெனிக் பாணியின் அத்தனை அம்சங்களும் அதில் உண்டு. இந்தப் பாணியில் சர்க்கார்தான் செனட் ஹவுஸ், ஹைகோர்ட் என்று பெரிதாகக் கட்டியது. தைலமும் மாத்திரையும் விற்க ஒரு கடைக்காரர் இப்படிக் கட்டினார் என்றால், அன்றைய மவுண்ட் ரோடு வியாபாரம் எப்படி நடந்திருக்கும், பாருங்கள்!

1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதை வாங்கியது. பெயரும் பாரத் பில்டிங் ஆனது. 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. அதே ரோட்டில் 1959-ல் எல்.ஐ.சி. தன் உயரமான மாளிகையைத் திறந்ததும், ஊர் ஜனங்கள் எல்லோரும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். பழையது மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டு வந்தது.

2006-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய் நிறுத்தியது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு: இடிக்கக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தீர்ப்புக்குக் கைகொடுத்தது, விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் நீதிபதி பத்மநாபன் கமிட்டி தயாரித்த பட்டியல். எந்தெந்தப் பழைய கட்டடங்களைப் பலகை மறைக்கக் கூடாது என்று எழுதிய பட்டியல், கட்டடங்களுக்கே காவலாகிவிட்டது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடைக்குத் திட்டம் போட்டவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். 1892-ல் திறந்த ஹைகோர்ட் கட்டட வேலையில் ஹென்றி இர்வினுக்குத் துணை நின்றவரும் அவரே. தான் கட்ட உதவிய கோர்ட் தன் மருந்துக் கடைக்கு உயிர்ப்பிச்சை தரும் என்று அந்த மனிதர் நினைத்திருப்பாரா?

ஆனால் ஒன்று. கோர்ட் உத்தரவு கடப்பாரையைத் தடுக்கும். மழைத் தண்ணீரைத் தடுக்காது. கூரையில் முளைக்கும் அரசமரத்தை யாராவது ஏறித்தான் பிடுங்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? கரையான்சாவடியில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை, திண்ணையோடு சேர்த்து, நானேதான் இடித்து மாடி வீடு கட்டினேன். தேக்குத் தூண் நாலும் விறகுக் கடை விலைக்குப் போயின. என்னைத் தடுக்க எந்தப் பட்டியலும் இல்லை. இன்று பேரன் "திண்ணைன்னா என்ன தாத்தா?" என்று கேட்கிறான். காட்ட ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை.

சங்கமம் முடிந்து ஊர் திரும்பும்போது, மவுண்ட் ரோடு வழியாகப் போங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள்.