பாலம் கடக்கும் உழைப்பு: ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு

விடியுமுன்பே மோட்டார் சைக்கிள்களிலும் பேருந்துகளிலும் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மலேசியர்கள், இரவில் தம் வீட்டிற்கே திரும்புகின்றனர். 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியபோது, இவ்வாறு நாள்தோறும் சென்றுவந்தோர் ஏறத்தாழ 3,00,000 பேர் என மதிப்பிடப்பட்டது. ரப்பர் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபின் நகர விளிம்புகளுக்குத் தள்ளப்பட்ட தமிழ்க் குடும்பத்தாரும் இவர்களுள் உளர். கங்காணிகள் அத்தோட்டங்களுக்குத் திரட்டிச் சென்றவர்களில் கணிசமானோர் தலித்துகள் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

ஈர்ப்பது நாணயமதிப்பே. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். மலேசியாவில் குறைந்தபட்ச மாத ஊதியம், 2025 பிப்ரவரி முதல், 1,700 ரிங்கிட். சிங்கப்பூரில் அனைவருக்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இல்லை. ஆயினும் அங்கே 1,500 வெள்ளி பெறுபவரின் கையில் 4,500 ரிங்கிட்டுக்கு மேல் சேர்கிறது.

வேலை பெரும்பாலும் உறவினர், நண்பர் வாய்வழியாகவோ முகவர் மூலமாகவோ அமைகிறது. வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் முதலாளியே. அனுமதியும் அவரோடு கட்டுண்டது. ஆகவே வேலை போனால் அனுமதியும் போய்விடும். மனிதவள அமைச்சு அனுப்பும் கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தில் அடிப்படை ஊதியம் குறிக்கப்பட்டிருக்கும். அக்கடிதத்தைக் கையில் வாங்காமல் பாலம் ஏறலாகாது என்பதே நம் முதல் அறிவுரை. அயல்நாட்டுத் தொழிலாளர் தீர்வை முதலாளியின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடந்தரவில்லை. சிங்கப்பூர் முகவர் பெறும் கட்டணம், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டலாகாது.  வரம்பு இருப்பதைத் தொழிலாளி அறியாவிடில் அதனால் பயனில்லை.

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் ஊதியம் தரப்படவேண்டும். தராவிடில் ஓராண்டுக்குள் முறையிடலாம். வேலையை விட்டவருக்கோ ஆறு மாதமே அவகாசம்.

கணக்கில் வராத இழப்புகளும் உள. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அயல்நாட்டாருக்கு இல்லை. மலேசிய ஊழியர் சேமநிதியிலோ தாமே முன்வந்து கட்டினாலன்றி எதுவும் சேராது. முதுமையில் எஞ்சுவது கையிருப்பு மட்டுமே.

இவற்றினும் கொடியது சாலை. வேலையிடத்தில் காயமுற்றால் சிங்கப்பூர்ச் சட்டம் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் இழப்பீடு தருகிறது. முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் பயணம் செய்கையில் விபத்து நேர்ந்தாலும் அப்பாதுகாப்பு உண்டு. சொந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்தால் இல்லை. மலேசியாவுக்குள் வேலை செய்து சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு பெற்றவருக்கோ பணிவழி விபத்துக்கும் காப்புண்டு. பாலத்தில் விரையும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவ்வேறுபாட்டை முதலாளியோ முகவரோ எடுத்துரைத்திருப்பர்?