மக்காத கொடுக்கு: ரப்பர் பாலிலிருந்து ஒரு பார்வை

கீரிப்பாறைன்னு சொன்னா காளிகேசம் போற வழின்னுதான் பல பேருக்குத் தெரியும். அங்கே அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் தொழிற்கூடமும் இருக்கின்றன. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, வனத்துறை குமரி மாவட்ட மலைகளில் ரப்பர் வைத்தது. 1984-ல் அது தனிக் கழகமானது. அந்த மக்களின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே நான் பார்க்கப்போவது சிரட்டையில் வடிகிற பாலில் இருக்கும் ஒரு சின்ன உலோகத்தை.

ரப்பர் பாலில் மெக்னீசியம் உண்டு. மரம் மண்ணிலிருந்து எடுத்ததுதான். கையுறை, பலூன் செய்கிறவர்களுக்கு 60 சதவீத ரப்பராகச் செறிவூட்டிய பால் வேண்டும். அதில் மெக்னீசியம் கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும், பால் நிலையாக இருக்காது. அப்போ அந்த மெக்னீசியத்தை எப்படிப் பிடிப்பது?

உலோகத்தைப் பிடிக்க வேதியியலில் பேர்போன ஆள் ஒன்று இருக்கிறது: இ.டி.டி.ஏ. ஒரே மூலக்கூறு ஆறு இடத்தில் உலோக அயனியைக் கவ்வும். இந்த வகைக்கு 'கீலேட்' என்று பெயர் வைத்தவர்கள் மார்கனும் ட்ரூவும், 1920-ல். கிரேக்கத்தில் நண்டின் கொடுக்கு என்று பொருள். நம் பாடநூல்காரர்கள் 'கொடுக்கிணைப்பு' என்றார்கள். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்காது.

இ.டி.டி.ஏ.வை 1935-ல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஃபெர்டினாண்ட் மியூன்ஸ். துணிச்சாயத் தொழிலுக்குக் கடின நீர் பெரிய தலைவலி. அதற்குப் பயன்பட்ட சிட்ரிக் அமிலத்தை ஜெர்மனி வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாகத்தான் இது வந்தது. அதாவது, மண்ணில் எளிதாக மக்கக்கூடிய ஒரு பொருளைத் தள்ளிவிட்டு மக்காத ஒன்று உள்ளே வந்தது. அன்றைக்கு அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. நிலைத்து நிற்பது நல்ல குணமாகத்தான் தெரிந்தது.

அப்புறம் அது சோப்பு, காகிதம், புகைப்படக் கழுவல், உணவு என்று எல்லா இடத்திலும் நுழைந்தது. பெரிய விஷமொன்றும் இல்லை. சிக்கல் வேறு: சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பெரும்பகுதி சிதையாமல் ஆற்றுக்குப் போய்விடும், அங்கே வண்டலில் கிடக்கும் உலோகங்களையும் கிளப்பிவிடக்கூடும். அதைத் தின்னும் பாக்டீரியாவைத் தேடிப் பிடித்துத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் 1991-லேயே அரசும் தொழில்துறையும் உட்கார்ந்து, ஆறுகளில் இதன் அளவைப் பாதியாக்குவோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இப்போ ரப்பருக்கே திரும்புவோம், ஆனால் மரத்து ரப்பருக்கு இல்லை. அதன் போட்டியாளரான செயற்கை எஸ்.பி.ஆர். ரப்பருக்கு. இந்தியாவில் 1963-ல் பரேலியில் அதற்கு ஆலை வந்தது; பிறகு பானிப்பட்டில் ஆண்டுக்கு 1.2 லட்சம் டன் திறனோடு ஒன்று. 1940-களின் கடைசியில் பரவத் தொடங்கிய 'குளிர் முறை'யில் சுமார் 5 டிகிரி செல்சியஸில் வினை நடக்கும். அந்தக் குளிரில் வினையைத் தொடக்கிவைக்க இரும்பு வேண்டும். காரமான சோப்புக் கரைசலில் வெறும் இரும்பைப் போட்டால் படிந்துவிடும். அதனால் இ.டி.டி.ஏ.வின் கொடுக்கில் மாட்டிப் போடுகிறார்கள். ரப்பரைத் திரித்து எடுத்ததும் கொடுக்கு மிச்ச நீரோடு வெளியேறுகிறது.

இதற்குப் பதிலாக மக்கும் கொடுக்குகள் இன்று கடையில் கிடைக்கின்றன. எம்.ஜி.டி.ஏ. அலனினிலிருந்தும், ஜி.எல்.டி.ஏ. குளூட்டமேட்டிலிருந்தும் (அதேதான், அஜினோமோட்டோ) வருபவை, இ.டி.டி.எஸ். அஸ்பார்டிக் அமிலத்தின் உறவு. அமினோ அமில எலும்புக்கூடு என்பதால் நுண்ணுயிர்களுக்கு அது பழக்கமான சாப்பாடு. ஐரோப்பாவில் 2017 முதல் பாத்திரம் கழுவும் இயந்திரப் பொடியில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியபோது இவற்றுக்கு நல்ல சந்தை அமைந்தது.

அப்போ மாற்றிவிட வேண்டியதுதானே? என் தொழிலில் ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிற மாதிரி? அப்படி முடியாது. கால்சியத்தை இ.டி.டி.ஏ. பிடிக்கும் வலிமை மடக்கை அளவில் சுமார் 10.7, எம்.ஜி.டி.ஏ.வுக்கு சுமார் 7. பார்க்கச் சின்ன வித்தியாசம், உண்மையில் சில ஆயிரம் மடங்கு. பாத்திரம் கழுவ அந்தப் பிடி போதும். எஸ்.பி.ஆர். வினையிலோ, இரும்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறோம் என்பதே வினையின் வேகத்தைத் தீர்மானிக்கும். கொடுக்கை மாற்றினால் செய்முறை முழுவதையும் திரும்பச் சரிபார்க்கணும். 'ஓடுற கோடில் கை வைக்காதே' என்பது எங்கள் ஆபீஸ் வேதம் மட்டுமில்லை போலிருக்கிறது.

மரத்துப் பாலின் மெக்னீசியத்துக்கு வருகிறேன். அங்கே கொடுக்கே தேவைப்படவில்லை. பால் கெடாமலிருக்க ஏற்கெனவே அமோனியா ஊற்றியிருக்கும். அதில் டை-அமோனியம் பாஸ்பேட்டைக் கரைத்து ஊற்றினால் மெக்னீசியம் அமோனியம் பாஸ்பேட் என்ற உப்பு உருவாகி, ஒரு ராத்திரியில் அடியில் சேறாகப் படியும். நம்ம வயலில் தூவுகிற அதே டி.ஏ.பி. குடும்பம். படிகிற உப்பிலும் மெக்னீசியம், நைட்ரஜன், பாஸ்பரஸ், எல்லாம் பயிர்ச்சத்து. குறையே இல்லாத வழி என்று சொல்ல மாட்டேன்: பாஸ்பேட் மிஞ்சினால் அதுவும் பாலைக் கெடுக்கும், ஓடையில் கலந்தால் பாசி பிடிக்கும், அமோனியா நெடியைச் சுவாசிப்பவர்கள் தொழிலாளிகள்தான். ஆனால் மெக்னீசியத்தை நீரில் கரைந்த நிலையிலேயே கட்டிவைக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை; அதை வெளியே தள்ளினால் போதும். அதனால் எளிய உப்பு ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது.

எவ்வளவு பாஸ்பேட் ஊற்றணும்னு தெரிய, முதலில் பாலில் எவ்வளவு மெக்னீசியம் இருக்கிறது என்று அளக்கணும். பால் ஆய்வகங்களில் அதற்கான வழக்கமான முறை, ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இ.டி.டி.ஏ. விடுவது. கடைசி அயனியும் மாட்டும்போது கரைசல் சிவப்பிலிருந்து நீலமாகும். 1940-களில் சுவிட்சர்லாந்தின் ஷ்வார்ட்சன்பாக் வகுத்த முறை. இந்த இடத்தில் பிடி தளர்ந்த கொடுக்கு உதவாது, நிறம் பளிச்சென்று மாறாது. அங்கே செலவாவதோ ஒரு சோதனைக்குச் சில மில்லி.